குதிரைக்குப் பிறகு அம்மா குடித்தார்

அக்கா அந்தப் போத்தலைத் திரும்ப என் கையில் தந்தார். எறிந்திருப்பார். எறிகிற பலம் இப்போது அவரிடம் இல்லை.

மொன்றியலின் மேற்கே, கர்க்லாண்டில் அக்காவின் மகள் வசந்தியின் வீடு. கீழே முன்னறையில்தான் அக்காவுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. குசினியில் வசந்தி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அறையெல்லாம் உள்ளிப்பூண்டு மணம்.

நான் வழக்கம்போல் ஒரு புதுப் போத்தல் ‘அப்பு தைலம்’ கொண்டுபோயிருந்தேன், அக்காவின் முழங்காலுக்கு. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன்.

“அதை இஞ்சை வைக்காதை, தம்பி.”

“ஏன் அக்கா? புதுசு. போன கிழமை அடைச்சது.”

“தைலத்தை ஆர் சொன்னது? அந்த மனிசன்ரை முகம் என்ரை தலைமாட்டிலை வேண்டாம்.”

அந்த மனிசன் என்றது எங்கள் தகப்பனை, அப்புவை. போத்தலில் ஒட்டியிருப்பது அவருடைய படம்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் வாயடைத்துப்போகிற ஆள் இல்லை என்பது கிழமைதோறும் பத்திரிகையில் இந்தத் தொடரைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

“நீ பேப்பரிலை எழுதினனியாம். வசந்தி வாசிச்சுக் காட்டினவள். அம்மா காய்ச்சலிலை செத்தவ எண்டு.”

“காய்ச்சல்தானே, அக்கா?”

“ஆர் உனக்குச் சொன்னது?”

“அப்பு.”

அக்கா சிரித்தார். தொண்ணூறு தாண்டிய, சோறு இறங்காத ஒரு கிழவியின் சிரிப்பு. அதைக் கேட்டால் உங்களுக்கும் நெஞ்சு குளிரும்.

“நான் சாகமுன்னம் அம்மாவை உள்ளபடி எழுது. போத்திலிலை இருந்து அந்தப் படத்தையும் எடு. இல்லையெண்டால் என்ரை செத்தவீட்டுக்கு நீ வராதை. வசந்தியிட்டைச் சொல்லி வைச்சிட்டன்.”

வசந்தி கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். “மாமா, ரெண்டு நாளா இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா” என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி ஏற்கெனவே சொல்லிவிட்டார். இனி மாதக்கணக்கு இல்லை, கிழமைக்கணக்குத்தானாம்.

மூன்றாம் மாடிக் குசினி

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மொன்றியலுக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பதுக்கு மேலே. பிரெஞ்சில் ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டே சொல். இன்றைக்கு இல்-பிசார் தீவில், ஆற்றைப் பார்த்த வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். யாருடைய சிபாரிசிலும் நான் மேலே வரவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீட்டில், வீட்டுக் குசினியில்தான் முதல் சட்டி எண்ணெய் காய்ச்சினேன். புகைக்கு மணி அடிக்கும். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவன் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பான். என் மனைவி கதிரையில் ஏறி, அந்த மணியை ஈரத் துவாயால் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காய்ச்சிய எண்ணெயைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, பார்க் மெட்ரோவிலிருந்து அக்காடி மெட்ரோ வரை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியவன் நான். இன்றைக்கு அந்தக் கடைகள் எல்லாவற்றிலும் அப்பு தைலம் இருக்கிறது. ரொறன்ரோவுக்கும் போகிறது.

பெயரும் படமும் என் மூளைதான். வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் படத்தின் கதையைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர் அதிகாரி விதானையார் யாழ்ப்பாணத்திலிருந்து படக்காரரைக் கூப்பிட்டுத் தன் குதிரையைப் படம் எடுப்பித்தார். எடுத்தது குதிரையைத்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியால் எங்கள் அப்புவும் உள்ளே விழுந்தார். தலைப்பா, முறுக்கிய மீசை, வெறும் மேல். பக்கத்தில் அவர் தலைக்கு மேலே ஒரு முழம் உயர்ந்து நிற்கிற குதிரைத் தலை. படத்துக்குக் கீழே ‘தலைமுறை கண்ட கைராசி’ என்று அச்சடித்தேன். சனம் அந்த முகத்தை நம்பி வாங்கியது.

நானும் நம்பித்தான் அச்சடித்தேன். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சீமையான்

குதிரையின் பெயர் சீமையான். விதானையார் அதை இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்குவித்தார் என்பார்கள். பொலிக்கு விடுகிற ஆண்குதிரை. எங்கள் பக்கத்தில் அந்த உயரத்தில் வேறு குதிரை கிடையாது. மற்றதெல்லாம் நெடுந்தீவிலிருந்து படகில் ஏற்றிக் கொண்டுவந்த மட்டக்குதிரைகள், மனிதரின் நெஞ்சளவு உயரம். அந்தப் பெட்டைகளில் சீமையானை விட்டால் வண்டிக்கு ஏற்ற நல்ல குட்டி வரும். இரண்டாம் உலக யுத்த காலம் அது. பெற்றோல் கிடையாது. கார் வைத்திருந்தவர்கள்கூடக் குதிரைவண்டி தேடிய நாட்கள்.

சீமையானைப் பார்ப்பது அப்புவின் வேலை. பருவம் வந்ததும் தென்மராட்சியில் தொடங்கிப் பூநகரி வரைக்கும் ஊர் ஊராக நடத்திக்கொண்டு போவார். முன்னால் அப்புவும் குதிரையும். பின்னால் ஒற்றை மாட்டு வண்டியில் அம்மா, அக்கா, நான். வண்டிக்குள் கொள்ளு மூட்டை, வைக்கோல், சமையல் சட்டி. அவற்றுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி.

ஊரில் ஒரு வளவைத் தேர்ந்து சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு கட்டுவார்கள். பெட்டைக்குதிரையின் பின்கால்களுக்குக் கயிறு போடுவார்கள், உதைக்காமல் இருக்க. சீமையானின் கனைப்பு கேட்டதும் ஊரின் ஆண்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வீட்டுக் கதவையே சாத்திவிடுவார்கள்.

அவ்வளவு ஆண்களும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் அப்புவுக்கு யோசனை வந்தது. அந்த யோசனை மரப்பெட்டிக்குள் இருந்தது.

கொழும்பிலிருந்து ரயிலில் வைக்கோல் சுற்றி வருகிற சீமை மருந்து. போத்தலில் முன்கால் தூக்கிய குதிரைப் படம், சுற்றிவர இங்கிலீசு எழுத்து. கற்பூரமும் சாராயமும் பெயின்ற்றுக்குக் கலக்கிற ரேப்பன்ரைனும் சேர்ந்த மணம். மூடியைத் திறந்தால் கண் எரியும். குதிரைக்கு என்றுதான் செய்தார்களோ, மனிதருக்கு என்றுதான் செய்தார்களோ, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டிக்குள்ளே தமிழில் அச்சடித்த ஒரு துண்டுத்தாளும் இருந்தது. அப்புவுக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ ஒருமுறை வாசித்துக் காட்ட, அதில் தனக்குப் பிடித்ததை மட்டும் பாடமாக்கிக்கொண்டு மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொண்டார்.

“குதிரைக்குக் குடுக்கலாம், குமருக்குக் குடுக்கலாம்! பூசினால் பிடிப்பு போம், குடிச்சால் பிள்ளை வரும்!”

இந்தக் கூவலை முன்னொரு கிழமை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பலர் சிரித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அப்புவின் கெட்டித்தனத்தை நானும் பெருமையாகத்தான் எழுதினேன். விற்பனை என்பது என் இரத்தத்தில் ஓடுகிறது என்றும் எழுதினேன்.

சனம் ஏன் நம்பியது என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நான் போகாத இரண்டு ஞாயிறு

அக்கா போத்தலைத் திருப்பித் தந்த பிறகு இரண்டு ஞாயிறு நான் கர்க்லாண்டுக்குப் போகவில்லை. முழங்கால் நோகுது என்று வசந்தியிடம் சொன்னேன். தைலம் விற்கிறவன் சொல்லக்கூடிய சாட்டா இது?

உண்மையில் எனக்குக் கோபம். தகப்பனின் முகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எழும்பியிருக்கிறான். அந்த முகத்தை எடு என்று கூடப்பிறந்தவரே சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மூத்த மகனிடம் சொன்னேன். கொம்பனியை இப்போது அவன்தான் பார்க்கிறான்.

“மே பப்பா!” என்று பிரெஞ்சில் தொடங்கினான். “அந்த முகம்தான் எங்கடை மார்க். அதை எடுத்தால் மிச்சம் என்ன, எண்ணெய்தானே?”

“மாமி சாகப்போறா.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? மாமிக்கு என்ன கோபம் எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?”

நான் கேட்கவில்லை. அவன் நறுக்கென்று கேட்டது நல்லதாய்ப் போயிற்று. மூன்றாவது ஞாயிறு அவனையே கார் ஓட்டச்சொல்லிப் போனேன். அவன் வசந்தியோடு குசினியில் இருந்துவிட்டான். நான் கதிரையை அக்காவின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டேன்.

அக்கா மெலிந்துபோயிருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

“என்ன, முழங்கால் சுகமோ?”

“சுகம்.”

“உன்ரை எண்ணெய் பூசினியோ?”

“பகிடி விடாதையுங்கோ, அக்கா. சொல்லுங்கோ, அம்மாவுக்கு என்ன நடந்தது?”

கரண்டி

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு ஆறு நடந்துகொண்டிருந்தது. அக்கா அன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்லுவார், கண்ணை மூடுவார், தண்ணீர் கேட்பார், திரும்பச் சொல்லுவார். நான் கோத்து எழுதுகிறேன்.

முதலில் சீமையானுக்குக் கொடுப்பார்கள். கழுத்தைத் தூக்கிப் பிடித்து, கன்னத்துப் பக்கத்தால் போத்தலின் வாயைச் செருகி, சனம் பார்க்க ஊற்றுவார் அப்பு. பிறகு குதிரையைப் பெட்டையிடம் விடுவார்கள். அது தன் வேலையைச் செய்து முடிக்கும். மருந்து இல்லாவிட்டாலும் செய்யும்தான். ஆனால் சனம் மருந்தைப் பார்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பு வண்டியைத் தட்டுவார். அம்மா இறங்கி வருவார்.

எந்த ஊர்ப் பெண்ணும் நிற்காத இடம். வியர்வையும் குதிரை மணமும் ஆண்களின் சிரிப்பும் நிறைந்த வளவு. அதற்கு நடுவே சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா வந்து நிற்பார். அப்பு அதே போத்தலிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக் கொடுப்பார். அம்மா குடிப்பார். குடித்துவிட்டு, முகம் சுளிக்காமல், அப்பு நூறு எண்ணும்வரைக்கும் நிற்கவேண்டும்.

“நூறு எண்ணிறதோ?”

“ஓம். சனத்தையும் சேத்து எண்ணச் சொல்லுவார். மனிசி விழேல்லை, பாத்தியளோ எண்டு காட்ட.”

சீமை மருந்து என்றால் சனத்துக்குப் பயம். நஞ்சாக இருக்குமோ, பெண்டாட்டி பிள்ளைக்குக் கொடுக்கலாமோ என்று யோசிப்பார்கள். ஒரு குடும்பப் பெண் தங்கள் கண் முன்னால் குடித்துவிட்டு நிற்பதைப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். அது அப்புவின் தொழில்முறை. எத்தனை ஊரோ அத்தனை கரண்டி. சில நாளில் மூன்று ஊர் வரும்.

“ஆம்பிளையள் சும்மா நிக்கமாட்டாங்கள், தம்பி. ‘குதிரைக்காரா, ரெண்டுக்கும் ஒரே போத்திலோ?’ எண்டு ஒருத்தன் கேப்பான். மற்றவங்கள் சிரிப்பாங்கள். அப்புவும் சேந்து சிரிப்பார்.”

“அம்மா?”

“அம்மா எண்ணிக்கொண்டு நிப்பா. சொண்டு ஆடும். நான் வண்டித் தட்டிக்குள்ளாலை பாத்துக்கொண்டிருப்பன்.”

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் அம்மா வண்டிச் சில்லுப் பக்கம் தலையை நீட்டி, குடித்ததையெல்லாம் சத்தி எடுப்பார். அக்கா அவர் கூந்தலைச் சேர்த்துப் பிடிப்பார். பிறகு அக்கா குதித்திறங்கி, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடிவந்து ஏறுவார். பின்னால் வருகிறவன் கண்டால் ஊரில் போய்ச் சொல்லிவிடுவான். அதுதான் அக்காவின் வேலை. பதினொரு வயதில்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. அப்புவுக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம். “பாருங்கோ, என்ரை மனிசிக்கு ஏழாம் மாதம்! இந்தப் போத்தில்தான்!” என்று கூவினார். பிள்ளையில்லாத வீடுகளிலிருந்து ஆண்கள் மடியில் மறைத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நான் அப்புவின் பிள்ளை.

“அக்கா, அப்பு சனத்தை ஏமாத்தேல்லை. அவரும் அதை நம்பினவர். அம்மாவுக்கு வருத்தம் வந்தாப்போலையும் அதைத்தானே குடுத்தவராம்.”

“நம்பினவர். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அப்ப ஏன் தான் குடிச்சுக் காட்டேல்லை?”

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

“ஒருநாள் அம்மாவே கேட்டவ. ‘ஆம்பிளை குடிச்சால் சாராயம் எண்டு சனம் நினைக்கும்’ எண்டவர். மறுமொழி எப்பவும் கையிலை இருக்கும் அவருக்கு. உனக்கு இருக்கிறமாதிரி.”

கைதட்டு

இதோடு அக்கா நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு சொன்னார்.

“நீயும் குடிச்சனி.”

பூநகரிப் பக்கம் ஒரு ஊர். அன்றைக்கு அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. காலையிலிருந்து வயிற்றுக்குள் பிள்ளை துடிக்கவில்லை என்று பயந்துபோயிருந்தார். அப்பு வண்டியைத் தட்டினார். திரும்பத் தட்டினார். “என்னாலை ஏலாது” என்று அம்மாவின் குரல் வந்தது.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: “குதிரைக்காரா, உன்ரை பெண்சாதியே குடிக்கேல்லை, நாங்கள் குடிக்கிறதோ?”

சனம் கலையத் தொடங்கியது. அப்பு வண்டிக்குள் கையை விட்டு என்னைத் தூக்கினார். கொள்ளு மூட்டையின் மேல் நிறுத்தினார். “இந்த மருந்தாலை பிறந்த பிள்ளை இது!” என்றார். கரண்டியில் கொஞ்சம் சீனி போட்டு என் வாயில் ஊற்றினார். எல்லாரும் நூறு எண்ணினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேனாம். நூறு முடிந்ததும் அவ்வளவு பேரும் கைதட்டினார்கள்.

இந்தத் தொடரின் முதல் கிழமையிலே நான் எழுதியிருக்கிறேன், என் முதல் ஞாபகம் ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டியது என்று. கோயில் திருவிழாவில் தேவாரம் பாடினேன், சனம் கைதட்டியது என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. அப்படித்தான் என் மனதில் கிடந்தது. வெயில், உயரமான ஓர் இடம், கீழே முகங்கள், கைதட்டு, நாக்கில் இனிப்பு. தேவாரத்தை நானே எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். எந்தக் கோயிலில் சனம் தேவாரத்துக்குக் கைதட்டியது? எண்பது வருஷமாக இதைக்கூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

“உனக்குப் பிடிச்சுப்போச்சு” என்றார் அக்கா. “இறங்கமாட்டன் எண்டு நிண்டனி. ‘இன்னொரு கரண்டி’ எண்டு கேட்டனி. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. அப்பு குடுத்தவர்.”

அதற்குப் பிறகு நான் இரண்டு நாள் கண் விழிக்கவில்லையாம். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே இருந்தாராம். ஊசியை எடுத்து என் உள்ளங்காலில் குத்திக் குத்திப் பார்த்தாராம், கால் இழுக்கிறதா என்று. இரண்டாம் நாள் மாலை கால் இழுத்ததாம்.

அடுத்த ஊரில் அப்பு வண்டியைத் தட்டுவதற்கு முன்னமே அம்மா இறங்கிப் போனார். குதிரைக்குக் கொடுக்கவும் இல்லை அப்போது. கூட்டத்துக்கு நடுவில் போய்க் கையை நீட்டினார்.

“என்ன சொன்னவ தெரியுமோ? ‘பிள்ளையைத் தொடாதையுங்கோ. நான் குடிக்கிறன்.’ மெல்லமாத்தான் சொன்னவ. எனக்குக் கேட்டது.”

அந்தப் பருவம் முடியும்வரைக்கும் அம்மா ஒவ்வொரு ஊரிலும் குடித்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்த கிழமையே வயிற்றுவலி கண்டது. பிள்ளை செத்துப் பிறந்தது. மருத்துவிச்சி வெளியே வந்து, அப்புவைப் பார்க்காமல், கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். அப்பு பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் அம்மா இல்லை.

அப்பு ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னார். எனக்கும் அதையே சொன்னார். சாகும்வரைக்கும் அதையே சொன்னார்.

அந்த மருந்துதான் கொன்றது என்று சத்தியம் பண்ண நான் வைத்தியன் இல்லை. அந்தக் காலத்தில் மருந்தே குடிக்காத எத்தனையோ பெண்கள் பிள்ளைப்பேற்றில் செத்தார்கள். அக்காவும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் அம்மா எதற்காக அந்தக் கரண்டியை வாங்கினார் என்பதில் சந்தேகத்துக்கு இடம் இல்லை.

“ஏன் அக்கா இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?”

“எப்ப சொல்லுறது? அப்ப உனக்கு ஆறு வயசு. பேந்து இருபது வயசு, எல்லாரோடையும் சண்டை. பேந்து நாட்டிலை பிரச்சினை. பேந்து நீ இஞ்சை பெரிய ஆள்.”

“இப்ப மட்டும் ஏன்?”

“நீ எழுதத் தொடங்கியிட்டாய். நான் செத்தாப் பிறகு நீ எழுதினதுதான் நிக்கும். அப்பு கெட்டிக்காரன், அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பிடி நிக்க விடமாட்டன்.”

முகம் இல்லாத போத்தல்

காரில் திரும்பி வரும்போது மகன் ஒன்றும் கேட்கவில்லை. குசினிச் சுவருக்குக் காது உண்டு. பாலம் தாண்டி எங்கள் தீவுக்குள் வந்ததும் அவனே சொன்னான்.

“படத்தை எடுப்பம், அப்பா.”

“பெயரையும் எடு.”

“பெயருமோ?”

“ஓம். பெயரும்.”

வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். பிறகு “சரி” என்றான்.

அடைத்து வைத்திருந்த போத்தல்களிலிருந்து படத்தை உரிக்க நானும் போய் உட்கார்ந்தேன். சுடுதண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் உரிக்கவேண்டும். என் கையாலே ஒரு பெட்டி உரித்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் குதிரைத் தலை கழன்றது. அப்புவின் மீசைதான் கடைசிவரை ஒட்டிக்கொண்டு நின்றது. நான் அழவில்லை. அவரை வெறுக்கவும் எனக்கு வரவில்லை. அம்மா போன பிறகு அவர் அந்தப் பெட்டியைக் கடலில் போட்டார். விதானையாரின் வேலையை விட்டார். வேறு கலியாணம் செய்யாமல் வண்டி இழுத்து எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார். அதையும் எழுதத்தான் வேண்டும். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது, அதுவும் நடந்ததுதானே” என்றார்.

படம் இல்லாத போத்தலைப் பார்க் எக்ஸ்டென்ஷன் கடை ஒன்றில் வைத்தபோது, அங்கே பகுதிநேரம் நிற்கிற சென்னைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அங்கிள், அந்தத் தாத்தா எங்க? படம் இல்லன்னா டூப்ளிகேட்னு திருப்பிக் குடுத்துடுவாங்க.”

“குடுக்கட்டும், தம்பி.”

என் எண்ணெய் நல்ல எண்ணெய். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. குடிக்கச் சொல்லி ஒருநாளும் ஒருவருக்கும் விற்றதில்லை. முகம் இல்லாமல் விற்றால் விற்கட்டும், விற்காவிட்டால் கிடக்கட்டும்.

வாசித்துக் காட்டியது

இந்தக் கிழமைக்கான எழுத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கர்க்லாண்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா இப்போது கண்ணைத் திறப்பதே குறைவு. வசந்தி ஈரப் பஞ்சால் அவர் சொண்டை நனைத்துவிட்டு எனக்கு இடம் விட்டாள்.

முழுவதையும் வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் வாசிப்பு, மெதுவாகத்தான் போகும். குதிரையை வாசித்தேன். கரண்டியை வாசித்தேன். என் கைதட்டையும் வாசித்தேன். அக்கா அசையவில்லை. நித்திரையோ என்று நினைத்தேன்.

முடித்தபிறகு கேட்டேன். “அக்கா, நான் உங்கடை செத்தவீட்டுக்கு வரலாமோ?”

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“எல்லாம் எழுதியிருக்கிறாய். அப்புவைத் தெரியுது. குதிரைக்குக்கூடப் பேர் இருக்கு. அவ ஆர்?”

“அம்மா, அக்கா.”

“அம்மா எல்லாருக்கும் இருக்கு. அவவுக்குப் பேர் இல்லையோ?”

கையில் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு வசந்தி சேர்த்து வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளையும் வாங்கிப் புரட்டினேன். எத்தனை கிழமையாக எழுதுகிறேன். விதானையார், சீமையான், கீழ்வீட்டுக் கிரேக்கன் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

பேனாவை எடுத்தேன். ‘குதிரைக்காரக் கதிரவேலுவின் மனைவி’ என்று தொடங்கி, எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“அதை வெட்டு.”

வெட்டினேன்.

“இப்ப எழுது.”

எழுதினேன்: நாகமுத்து.